புதன் முதல் சனி வரை

விடியற்காலை மூன்று மணிக்குச் சமையலறையில் விளக்கு.
வில்மார் கரண்டிகளை மேசையில் கொட்டி
அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறான்.
"இந்த வீட்டில் எதற்கும் ஓர் இடம் கிடையாது"
என்கிறான், என்னைப் பார்க்காமல்.

சால்ட்டோவின் பழக்கிடங்கில் முப்பத்தோரு வருஷம்
ஆரஞ்சு லாரிகளை எடை போட்டவன்.
அவசரப்படும் டிரைவர்களிடம்
"முள் நிற்கட்டும்" என்பான். அவ்வளவுதான்.
அவன் கத்தி நான் கேட்டது
எங்கள் நாய் ஆற்றில் விழுந்த அன்று மட்டும்.

நர்ஸ் இவோன் சொன்னாள்:
மருந்து ஏறும் புதனிலிருந்து சனி வரை
இந்தச் சின்ன வெள்ளை மாத்திரை.
வாந்தியை நிறுத்தும். தூக்கத்தையும்.
சிலருக்குக் கொஞ்சம் கோபம் வரும்.
கொஞ்சம் என்பதை
உப்புச் சிட்டிகை போல விரலில் காட்டினாள்.

மாட்டே கசக்கிறது என்றான்.
கசக்கத்தானே நாற்பது வருஷமாகக் குடிக்கிறோம் என்றேன்.
இல்லை, பழைய காசைச் சப்புவது போல இருக்கிறது,
இலையை மாற்றிவிட்டாய்,
மலிவாகப் பார்த்து வாங்கியிருக்கிறாய்,
எப்படியும் போகிறவன்தானே என்று.
சுரைக்குடுவை சுவரில் மோதியது.
பச்சைத் தூள் வழிந்து வழிந்து
சாவி மாட்டும் ஆணியில் வந்து நின்றது.

அன்றைக்குக் காலண்டரில்
பென்சிலால் கட்டம் போட்டேன், நான்கு நாளுக்கு.
கட்டத்துக்குள் அவன் சொல்வது அவன் சொல்வதல்ல.
இப்படி ஒரு சட்டத்தை இயற்றி
அதற்குள் குடியிருந்தேன்.
என் சூப், என் அக்கா,
நான் கதவைச் சாத்தும் விதம்,
நான் மூச்சுவிடும் சத்தம்,
கல்யாணத்தன்று நான் தாமதமாக வந்தது:
எல்லாவற்றையும் கட்டத்துக்குள் போட்டு மூடினேன்.

ஞாயிறு வந்தால் கட்டம் முடியும்.
அவனும் முடிந்துபோவான்.
கம்பளிக்குள் சுருண்டு கால்பந்து பார்ப்பான்,
எந்த அணி கோல் போட்டாலும் அழுவான்.

நோயாளி, பொறுத்துக்கொள் என்றாள்
எதிர்வீட்டு ஓல்கா, எலுமிச்சைகளை நீட்டியபடி.
பொறுத்துக்கொண்டேன்.
ஜூலைக் குளிரில் ஒரு நாள் காருக்குள் உட்கார்ந்து
கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கத்தினேன்.
என்ன கத்தினேன் என்று சொல்லமாட்டேன்.
சீக்கிரம் ஆகட்டும் என்றும் அதில் இருந்தது.
எது ஆகட்டும் என்று
நான் என்னைக் கேட்கவில்லை.
கண்ணாடியில் படிந்த ஆவியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு
அடுப்பை அணைக்க உள்ளே வந்தேன்.

ஐந்தாவது சுற்று முடிந்த பின் ஒரு செவ்வாய்.
மோன்டெவிடியோவிலிருந்து யமிலா அழைத்தாள்,
அப்பா எப்படி இருக்கிறார் என்று.
நான் வாயெடுக்குமுன் அவன் சொன்னான்:
"உன் அம்மாவுக்கு என் சாவு பிரச்சினை இல்லை,
என் சத்தம்தான் பிரச்சினை."

காலண்டரைப் பார்த்தேன்.
வெள்ளையாக இருந்தது செவ்வாய்.

போனை வைத்தபின்
"இது மாத்திரை இல்லை" என்றேன். "இது நீ."

முடியில்லாத புருவத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.
தெருவில் யாரோ பைக்கைக் கிளப்பமுயன்று,
முடியாமல், தள்ளிக்கொண்டு போனார்கள்.
"ஆமாம்" என்றான். "இது நான்தான்.
மற்றவன் யாரென்று எனக்கே தெரியாது, நெலீதா.
அவன் பேசும்போது
நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்."

எத்தனையோ மாதம் கழித்துக்
கோபித்துக்கொள்ள எனக்கு ஓர் ஆள் கிடைத்தான்.
விடவில்லை.
குடுவை, சூப், அக்கா, கல்யாணம்
ஒன்றொன்றாக வெளியே எடுத்து வைத்தேன்.
அவனும் விடவில்லை.
முக்கால் மணிநேரம் சண்டை போட்டோம்,
உடம்புக்கு ஒன்றுமில்லாதவர்கள் போல.
நடுவில் ஒருமுறை அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

மறுநாள் புதன்.
மூன்று மணிக்கு விளக்கு எரிந்தது.
எழுந்து போய் எதிரே உட்கார்ந்தேன்.
கரண்டிகள் அவன் பக்கம் இருந்தன,
முள்கரண்டிகளை நான் இழுத்துக்கொண்டேன்.
தப்பாக அடுக்குகிறாய் என்றான்.
ஆமாம் என்றேன்.